இடப்பக்கத்துச் சத்தம்

வேலணையில் வசிக்கும் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் தமது எழுபத்து நான்காவது வயதில் வால்வு அம்பிளிபயர் ஒன்றைச் செய்து முடித்தார். திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் கட்டுகிற பெரிய சாமான் அல்ல. ஒருவர் தனியே ஹெட்போன் மாட்டிக்கொண்டு பாட்டுக் கேட்பதற்கான சின்னப் பெட்டி. பிஸ்கற் பேணி ஒன்றின் மூடியில் துளையிட்டு, நடுவில் ஒற்றைக் கண்ணாடி வால்வை நிறுத்தி, முன்பக்கத்தில் ஒரு வொலியூம் குமிழை வைத்திருந்தார். இயக்குவது 12 வோல்ற் பற்றரி.

வால்வு என்றால் இன்றைய பிள்ளைகளுக்குச் சைக்கிள் ரியூப்தான் ஞாபகத்துக்கு வரும். திரான்சிஸ்டர் வருவதற்கு முன்னர் உலகத்து வானொலிகள் பெரும்பாலும் இந்தக் கண்ணாடிக் குமிழ்களைக் கொண்டுதான் பேசின. லீ டி பொரெஸ்ற் என்ற அமெரிக்கர் 1906 இல் வால்வுக்குள் மூன்றாவதாக ஒரு கம்பியை நுழைத்த பிறகுதான் மெல்லிய ஒலியைப் பெருக்கும் வித்தை மனிதனுக்குக் கைவந்தது. எட்வேர்ட் ஹாப்பர் கொழும்பில் பரீட்சார்த்த ஒலிபரப்பைத் தொடங்கியதும், 1925 டிசம்பரில் கொழும்பு வானொலி முறைப்படி ஆரம்பமானதும் வால்வுகளின் வெளிச்சத்தில்தான். மாஸ்ரர் பௌதிகம் படித்த காலத்திலும் வால்வு பாடப்புத்தகத்தில் இருந்தது. "படிச்சதை ஒருக்காலும் கையால செய்து பாக்கேல்லை, தம்பி. அதுதான் இப்ப" என்பார்.

அவர் செய்தது பலரும் வீட்டில் செய்து பார்க்கிற ஒரு மாதிரிதான். 12ஏயு7 என்ற வால்வு. ஐரோப்பியர் அதையே ஈசிசி82 என்பார்கள். ஒரே கண்ணாடிக்குள் இரண்டு வால்வுகள் இருப்பது இதன் விசேஷம். ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் மாதிரி. ஒரு குடித்தனம் இடப்பக்கத்து ஒலியைப் பெருக்கும், மற்றது வலப்பக்கத்தை. ஒவ்வொன்றின் பின்னாலும் ஹெட்போனைத் தள்ளும் பலத்துக்காக ஒரு மொஸ்பெற். பழைய வால்வு செற்றுகளுக்குள் 250, 300 வோல்ற் ஓடும். கை தவறினால் உயிர் போகும். இந்தப் பெட்டிக்குள் 12 வோல்ற்றுக்கு மேல் எதுவும் இல்லை. எழுபது தாண்டிய கைகளுக்கு இது பொருத்தம். கொழும்பு முதலாம் குறுக்குத் தெருவில் சாமான்களை வாங்குவித்து, ஆறு மாதம் இருந்து செய்திருக்கிறார்.

போன வருடம் சோளகம் வீசத் தொடங்கிய நாட்களில் எனக்குப் போன் வந்தது.

"தம்பி, பெட்டி பாடுது. ஆனா இடப்பக்கம் எப்பவும் ஒரு அடி பின்னுக்கு நிக்குது. ஒருக்கா வந்து பாக்கேலுமே?"

நான் யாழ்ப்பாணம் ஐந்து சந்தியில் போன் திருத்துகிறவன். வால்வு என் தொழில் அல்ல. ஆனால் என் வாப்பா றேடியோ திருத்துகிறவர். அந்தத் தெருவில்தான் அவருடைய கடை இருந்தது. 1990 ஒக்ரோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பதினைந்து வயது. சில மணி நேர அவகாசத்தில் கடையைப் பூட்டிவிட்டு வந்தோம். வால்வுகள், மீற்றர், திருத்தக் கொடுத்திருந்தவர்களின் றேடியோக்கள் எல்லாம் உள்ளேயே நின்றுவிட்டன. புத்தளத்தில் இருந்த காலத்தில் வாப்பா அந்தக் கடையைப் பற்றி அதிகம் பேசியதில்லை. தொழிலைப் பற்றிப் பேசுவார். அவர் சொன்ன ஒரு விசயம் எனக்குப் போன் திருத்தும்போதுகூடக் கைகொடுக்கிறது.

"ஸ்டீரியோ செற் பழுதாகி வந்தா சந்தோசப்படு. ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தான் கட்டியிருப்பான். நல்ல பக்கம் பக்கத்திலேயே இருக்கு. அதைப் பார்த்துக் கெட்ட பக்கத்தைத் திருத்து. ஆனா எது நல்ல பக்கம் எண்டு உன்ர காதை நம்பித் தீர்மானிக்காத. இடத்தை மாத்திப் பார்."

ஒரு பக்கம் குறைவாகக் கேட்கிறது என்றால் குறை எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். பாட்டு வருகிற போனில், வயரில், வொலியூம் கொன்ற்றோலில், வால்வில், ஒரு தடையியில், ஹெட்போனில். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்பது மூடத்தனம். ஓரிடத்தில் இடத்தையும் வலத்தையும் மாற்றிக் கொடுக்க வேண்டும். குறையும் பக்கம் மாறினால் குற்றவாளி அந்த இடத்துக்கு முன்னால் இருக்கிறான். மாறாவிட்டால் அதற்குப் பின்னால். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். இவ்வளவுதான் வித்தை.

பண்ணைப் பாலம் தாண்டி, மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, மண்கும்பான் என்று பஸ் போகும்போது இரண்டு பக்கமும் கடல்தான். சோளகக் காற்றில் உப்பு பறக்கும். தீவுப்பகுதியில் சைக்கிள் செயினுக்கும் யன்னல் கம்பிக்கும் என்ன நடக்கிறது என்று தெரிந்தவனுக்கு வால்வுச் சொக்கற்றில்தான் முதற் சந்தேகம் வரும். வால்வின் ஒன்பது கால்களும் ஒன்பது துளைகளுக்குள் வெறும் தொடுகையில் நிற்கின்றன. அந்தத் தொடுகையில் பாசி பிடித்தால் ஒரு பக்கம் மங்கும், கொறகொறக்கும்.

மாஸ்ரரின் பெட்டியிலும் கொஞ்சம் கொறகொறப்பு இருந்தது. வால்வைக் கழற்றி, சுத்திகரிக்கிற அற்ககோலில் துணியை நனைத்து ஒவ்வொரு காலாகத் துடைத்து, நாலைந்து தரம் ஏற்றி இறக்கினேன். கொறகொறப்பு நின்றது. இடப்பக்கம் மட்டும் ஒரு அடி பின்னுக்கே நின்றது.

வால்வையே மாற்றிப் பார்த்தோம். மேலதிகமாக ஒன்று வாங்கி வைத்திருந்தார். இரண்டு குடித்தனமும் ஒரே வயதில் மூப்படைவதில்லை. ஒன்று களைத்துப்போனால் அந்தப் பக்கம் குறையும். புது வால்விலும் அதே கதை. போனிலிருந்து வரும் இரண்டு வயர்களை இடம் வலமாக மாற்றிக் கொடுத்தோம். அப்போதும் குறைவது இடப்பக்கமே. ஆகவே போனும் வயரும் குற்றமற்றவை.

பரிசோதனைக்கு நாங்கள் எடுத்தது பழைய ஒலிப்பதிவுகள். காரணம் இருக்கிறது. ஒலியை இரண்டு சனலாகப் பிரிக்கும் யோசனைக்கு அலன் புளும்லைன் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் 1931 இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். நடிகர் திரையின் ஒரு கரையில் நிற்க, குரல் வேறிடத்திலிருந்து வருவதைப் படமாளிகையில் கண்டு பொறுக்காமல்தான் இந்த யோசனை பிறந்தது என்பார்கள். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைக்கு வந்தது 1950களின் கடைசியில். அதற்கு முந்திய பதிவுகள் ஒற்றைச் சனல். இரண்டு காதுக்கும் அட்சரம் பிசகாமல் ஒரே ஒலி. அம்பிளிபயர் சரியாக இருந்தால், காதும் சரியாக இருந்தால், பாடகர் மண்டைக்குள் நட்டநடுவில் நின்று பாடவேண்டும். ஒரு டெசிபெல் இரண்டு டெசிபெல் வித்தியாசம் வந்தாலே அவர் ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்.

மாஸ்ரர் யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவிலைப் போட்டார். நான் நாகூர் ஹனீபாவைப் போட்டேன். தவிலும் ஹனீபாவும் வலப்பக்கம் சாய்ந்தே நின்றார்கள். எனக்கும் அப்படித்தான் கேட்டது.

"சரி மாஸ்ரர். ஹெட்போனைத் திருப்பிப் போட்டுப் பாருங்கோ. இடத்தை வலக்காதில வையுங்கோ."

திருப்பிப் போட்டார். கண்ணை மூடிக்கொண்டு அரை நிமிடம் கேட்டார். முகம் மலர்ந்தது.

"ஆ! இப்ப நடுவுக்கு வந்திட்டார். சரியாப் போச்சு. வயர் எங்கையோ தொட்டும் தொடாமலும் இருந்திருக்கு."

அவருடைய ஹெட்போனை வாங்கி நான் மாட்டினேன். நேராகப் போட்டால் எனக்கு இடக்காதில் குறைவு. திருப்பிப் போட்டால் வலக்காதில் குறைவு. குறை நியாயமாக இடம் மாறியது. பையிலிருந்த என் ஹெட்போனிலும் அதே முடிவு. அப்படியானால் ஹெட்போனில் பிழை இல்லை. பெட்டியிலிருந்து வருகிற இடச் சனல் உண்மையாகவே பலவீனம். ஆனால் திருப்பிப் போட்டபோது அவருக்குக் குறை இடம் மாறவில்லை. மறைந்துபோயிற்று.

இதன் பொருள் எனக்கு விளங்கிவிட்டது. எப்படிச் சொல்வது என்றுதான் விளங்கவில்லை. அவர் முப்பது வருடத்துக்கு மேல் விஞ்ஞானம் படிப்பித்தவர். நான் சொல்லவேண்டிய தேவை வரவில்லை. எனக்குக் குறை மாறுகிறது, அவருக்கு மறைகிறது என்று மட்டும் சொன்னேன். ஒரு பழைய அப்பியாசக் கொப்பியை எடுத்து மூன்று வரி எழுதினார்.

பிழை பெட்டியில் மட்டும் என்றால், திருப்பியதும் வலக்காதுக்கு மாறவேண்டும்.

காதில் மட்டும் என்றால், திருப்பினாலும் இடக்காதிலேயே நிற்கவேண்டும்.

இரண்டிலும் என்றால், திருப்பியதும் ஒன்றையொன்று சரிக்கட்டி மறையவேண்டும்.

மூன்றாவது வரியின் கீழே கோடு இழுத்தார். பேனையை மூடி வைத்தார்.

"அப்ப ரெண்டு பிழை" என்றார். "ஒண்டு பெட்டியில." மற்றதைச் சொல்லவில்லை. இடக்காதை ஒருமுறை தொட்டுவிட்டுக் கையை எடுத்தார். "முதல்ல பெட்டியைப் பாரும், தம்பி. அதைத் திருத்தலாம்."

பெட்டியைப் பார்ப்பதற்குக் காது உதவாது. மீற்றர் வேண்டும். ஹெட்போனுக்குப் பதிலாக ஒவ்வொரு பக்கத்துக்கும் 33 ஓம் தடையி ஒன்றைக் கட்டினேன். போனில் 200 ஹேர்ட்ஸ் ஒலியை ஓடவிட்டேன். எங்களைப் போன்றவர்களிடம் இருக்கும் மலிவு மீற்றர்கள் அதிக அதிர்வெண்ணில் மாறோட்டத்தைச் சரியாக அளக்காது. 200 இல் நம்பலாம். முதலில் பற்றரி கொடுத்து, பாட்டு இல்லாமல், இரண்டு குடித்தனத்திலும் நிற்கும் வோல்ற்றை ஒப்பிட்டேன். இடம் 6.8, வலம் 7.1. பெரிய வித்தியாசம் இல்லை. வால்வும் அதைச் சுற்றியுள்ள தடையிகளும் ஒழுங்காக வேலை செய்கின்றன.

பிறகு வொலியூமை முழுதாகத் திருப்பி அளந்தேன். இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமம். அவர் வழமையாகப் பாட்டுக் கேட்கும் இடத்துக்குக் குமிழைக் கொண்டுவந்தேன். கடிகாரத்தில் ஒன்பது மணி காட்டும் இடம். இடப்பக்கம் 31 மில்லிவோல்ற். வலப்பக்கம் 48. கணக்குப் பார்த்தால் 3.8 டெசிபெல் வித்தியாசம்.

இங்கேதான் பிழை பிடிபட்டது. வால்வு களைத்திருந்தாலோ, தடையி ஒன்று மாறியிருந்தாலோ, கொள்ளளவி ஒன்று செத்திருந்தாலோ, குமிழை எங்கே வைத்தாலும் வித்தியாசம் ஒரே விகிதத்தில் இருக்கவேண்டும். குமிழ் உயர உயர வித்தியாசம் மறைகிறது என்றால் அது குமிழின் குணம். வீட்டில் அம்பிளிபயர் கட்டுகிறவர்கள் ஒரு பக்கம் குறைந்ததும் வால்வைத்தான் சந்தேகிப்பார்கள். விலை கூடிய வால்வைத் தேடி வாங்குவார்கள். பல வீடுகளில் குற்றவாளி ஆக மலிவான சாமானான வொலியூம் கொன்ற்றோல்தான்.

அதை மாஸ்ரரே விளங்கப்படுத்தினார். வகுப்பு எடுக்கிற குரல் வந்துவிட்டது. வொலியூம் கொன்ற்றோல் என்பது ஒரே அச்சில் கோத்த இரண்டு மாறுந்தடையிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் காபன் பூசிய ஒரு வளையப் பாதை. அதன்மேல் ஒரு நாக்கு வழுக்கிச் செல்லும். மனிதக் காது ஒலியை மடங்குகளில்தான் உணரும். சுமார் 10 டெசிபெல் கூடினால்தான் சத்தம் இருமடங்கானதாகத் தோன்றும். அந்தக் காதுக்குக் குமிழ் சீராக ஏறுவதாகத் தெரியவேண்டுமானால் பாதையின் தடை தொடக்கத்தில் மிக மெதுவாகவும் பிறகு வேகமாகவும் ஏறவேண்டும். மலிவுச் சாமானில் இரண்டு மூன்று வகைக் காபனைத் துண்டு துண்டாகப் பூசி அந்த வளைவை ஒப்பேற்றுகிறார்கள். இரண்டு பாதைகளின் துண்டுகளும் மயிரிழை பிசகாமல் ஒரே இடத்தில் முடிவதில்லை. மேலே போனால் அந்தப் பிசகு பெரிய தொகையில் கரைந்துவிடும். அடியில் தொகையே சிறிது, அங்கே பிசகு பெரிதாகத் தெரியும். ஹெட்போனுக்கோ சின்னச் சத்தமே போதும். ஆகவே எந்த நாளும் நாங்கள் பாவிப்பது குமிழின் ஆகப் பிழையான பகுதியைத்தான்.

"அதாவது," என்றார் மாஸ்ரர், "சத்தம் போட்டுக் கதைக்கேக்க ரெண்டு பக்கமும் சமமாத்தான் கேக்கும். மெல்லக் கதைக்கேக்கதான் வித்தியாசம் தெரியவரும்."

அவர் வொலியூமைப் பற்றித்தான் சொன்னார். நான் வேறெதையோ யோசித்தேன்.

அன்றைக்குக் கையில் இருந்ததைக் கொண்டு ஒரு வைத்தியம் செய்தோம். போனிலிருந்து வரும் ஒலி குமிழுக்குப் போகும் முன்னரே அதை ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைத்துவிடுவது. ஒவ்வொரு பக்கத்துக்கும் இரண்டு தடையிகள். பாதையில் தொடராக 10 கிலோ ஓம், அதன்பின் நிலத்துக்கு 3.3 கிலோ ஓம். தொடரில் பெரிய தடையி ஒன்றை மட்டும் போட்டாலும் சத்தம் குறையும். ஆனால் குமிழின் இரண்டு பாதைகளின் மொத்தத் தடையும் சமமாக இருக்காதபடியால் அதுவே புதிதாக ஒரு சமமின்மையைக் கொண்டுவரும். நிலத்துக்கும் ஒரு சிறிய தடையி போட்டால் அந்தத் தொல்லை அநேகமாக இல்லை. இப்போது அதே சத்தம் கேட்கக் குமிழை ஒரு மணி காட்டும் இடத்துக்குத் திருப்பவேண்டும். அங்கே பாதை ஒழுங்கானது.

சோல்டர் பிடிக்கும் வேலையை அவரே செய்தார். கை கொஞ்சம் நடுங்கியது. ஆனால் ஈயம் மினுமினுப்பாக இருந்தது. நாலாவது தடையியைப் பொருத்திக்கொண்டிருந்தவர், தலை நிமிராமலே கேட்டார்.

"உம்மட வாப்பாட்ட நான் குடுத்த றேடியோ உமக்கு ஞாபகமே?"

எனக்கு ஞாபகம் இல்லை. அவர் சொன்னார். 1990 இல் தீவுப்பகுதியில் சண்டை வந்தபோது வேலணைச் சனம் இடம்பெயர்ந்து யாழ்ப்பாணத்துக்கு வந்தது. அவரும் வந்தார். கொண்டுவந்த சாமான்களில் ஒரு திரான்சிஸ்டர் றேடியோவும் இருந்தது. குடாநாட்டில் அப்போது கரண்ட் இல்லை, பற்றரி கிடைக்காது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வருகிற கரண்டில்தான் சனம் செய்தி கேட்டது. டைனமோவில் பாடுவதற்கு ஏற்ற மாதிரி றேடியோவை மாற்றித் தரச்சொல்லி வாப்பாவிடம் கொடுத்திருந்தார். அடுத்த கிழமை வரச்சொன்னாராம் வாப்பா. அடுத்த கிழமை தெருவே வெறிச்சோடிக் கிடந்தது.

"நான் வந்து பாத்தனான். கடை பூட்டியிருந்தது. பிறகு உங்களைக் கண்டும் கேக்கேல்லை. எப்பிடிக் கேக்கிறது? வீடு வாசல் விட்டுப் போன ஆக்களிட்ட ஒரு றேடியோவைக் கேக்கிறதே?"

நான் அவருக்கு ஒன்று சொன்னேன். அதை அதற்கு முன் வெளியில் யாரிடமும் சொன்னதில்லை. வாப்பா வபாத்தாகிய பிறகு அவருடைய சாமான்களில் ஒரு சின்னக் கொப்பி கிடைத்தது. புத்தளத்தில் இருந்துகொண்டு ஞாபகத்திலிருந்து எழுதியது. கடைக்குள் விட்டுவந்த, மற்றவர்களுக்குச் சொந்தமான றேடியோக்களின் பட்டியல். தலைப்பில் "அமானிதம்" என்று மட்டும் இருந்தது. தன் மீற்றரையோ தன் வால்வுகளையோ அதில் அவர் எழுதவில்லை. பெயர் தெரிந்தவர்களுக்குப் பெயர், தெரியாதவர்களுக்கு ஊர். அதில் ஒரு வரி: "வேலணை வாத்தியார், 6 வோல்ற், முடிந்தது."

மாஸ்ரர் சோல்டர் கம்பியை வைத்துவிட்டார். கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. வெளியே பனையில் காற்று உரசிக்கொண்டிருந்தது.

"முடிச்சு வைச்சிருந்தவரே?"

"ஓம், மாஸ்ரர்."

முப்பது வருடத்துக்கு மேலாக அவர் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. அவருக்கு எங்கள் இழப்பின் முன் தன் றேடியோ ஒரு பொருட்டில்லை. வாப்பாவுக்கு அது தன் கடையைவிடப் பெரிய கடன். இடத்தை மாற்றி வைத்துப் பார்க்காதவரை ஒரு பக்கத்துச் சத்தம் மறு பக்கத்துக்கு எட்டுவதேயில்லை.

நாலு தடையியும் ஏறிய பிறகு திரும்ப அளந்தோம். இடம் 45, வலம் 48. அரை டெசிபெல் அளவில்தான் வித்தியாசம். நான் ஹெட்போனை மாட்டினேன். ஹனீபா நடுவில் நின்றார். திருப்பிப் போட்டாலும் நடுவில் நின்றார். மாஸ்ரரிடம் கொடுத்தேன். நேராகப் போட்டார், திருப்பிப் போட்டார், திரும்பவும் நேராகப் போட்டார்.

"ரெண்டு விதமாப் போட்டாலும் இடக்காதிலதான் குறைவு" என்றார். கொப்பியை எடுத்து இரண்டாவது வரிக்குப் பக்கத்தில் சரி போட்டார். தன்னைப் பற்றிய முடிவையும் அவர் ஒரு பரிசோதனை முடிவாகவே எழுதினார்.

அப்போது அவருடைய மனைவி தேத்தண்ணியோடு வந்தார். "இது இண்டைக்கு நேற்றையான் கதையில்லை, தம்பி. இடம்பெயர்ந்து திரிஞ்ச காலத்தில கிட்ட ஒரு ஷெல் விழுந்தது. அதுக்குப் பிறகு நான் இவரைக் கூப்பிடுறதெண்டா வலப்பக்கம் வந்து நிண்டுதான் கூப்பிடுறது."

மாஸ்ரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். "எனக்குச் சொல்லேல்லையே?"

"சொல்லி என்ன செய்யிறது? நான் மாறி நிண்டாச் சரிதானே."

நான் பஸ் ஏறுமுன் இரண்டு விசயங்களை வற்புறுத்திச் சொன்னேன். இதைப் படிக்கிறவர்களுக்கும் அவை உதவும். ஒரு காது மந்தமானவர்கள் தங்களை அறியாமலே அந்தக் காதுக்காகச் சத்தத்தைக் கூட்டுவார்கள். கூட்டிய சத்தம் நல்ல காதையும் தின்னும். 80 டெசிபெல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணித்தியாலத்துக்கு மேல் கேட்கக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சத்தம் அதைவிடக் கூடினால் நேரம் மளமளவென்று குறைந்துவிடும். மற்றது, ஒரு காது மட்டும் குறைந்திருந்தால் அதை வயது என்று விட்டுவிடக்கூடாது. வைத்தியரிடம் காட்டவேண்டும். திடீரென்று குறைந்தால் அடுத்த நாளுக்கும் தள்ளிப்போடக்கூடாது.

இரண்டு கிழமைக்குப் பிறகு அவர் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கு வந்து செவிப் பரிசோதனை செய்துகொண்டார். அந்தத் தாளை என் கடையில் விரித்துக் காட்டினார். வலக்காதின் கோடு வயதுக்கேற்ற மெல்லிய சரிவு. இடக்காதின் கோடு 3000 ஹேர்ட்ஸிலிருந்து குழிக்குள் விழுந்து 4000 இல் ஆழமாகக் கிடந்தது. வெடிச்சத்தத்தில் அடிபட்ட காதுகளில் காணப்படுகிற குழி. வேறு வருத்தம் எதுவும் இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம். ச, ஸ, த போன்ற எழுத்துக்களின் கூர்மை அந்த உயர்ந்த அதிர்வெண்களில்தான் இருக்கிறது. வகுப்பில் பின் வாங்கிலிருந்து பிள்ளைகள் சொன்னது ஏன் விளங்காமல் போனது என்று இப்போது விளங்குகிறது என்றார். "நான் அதுகளைத்தான் ஏசினனான், வாயைத் திறந்து சொல்லு எண்டு."

அவருடைய பெட்டி இப்போது வேறு மாதிரி. பழைய வொலியூம் கொன்ற்றோலை எடுத்து எறிந்துவிட்டார். அதற்குப் பதிலாகப் பன்னிரண்டு நிலை கொண்ட இரட்டைச் சுழல் சுவிற்ச். பக்கத்துக்குப் பதினொன்றாக, ஒரு வீதப் பிழைக்கு உட்பட்ட இருபத்திரண்டு தடையிகளை ஒவ்வொன்றாக அளந்து, சோடி சேர்த்து, தன் கையாலேயே பற்றவைத்திருக்கிறார். எந்த நிலையில் அளந்தாலும் இரண்டு பக்கத்துக்கும் இடையில் கால் டெசிபெல்லுக்கு மேல் வித்தியாசம் இல்லை. விலைக்கு வாங்குகிற பல பெட்டிகளில்கூட இதை எதிர்பார்க்க முடியாது.

அவ்வளவு பாடுபட்டுச் சமப்படுத்திய பெட்டியில் பிறகு அவரே ஒரு சின்னச் சுவிற்சை வைத்தார். அதைக் கீழே தட்டினால் வலப்பக்கத்தில் மட்டும் 6 டெசிபெல் குறையும். இடக்காதுக்காகச் சத்தத்தைக் கூட்டாமல் வலக்காதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளச் சொல்கிற ஏற்பாடு. இதனால் இழந்த கூர்மை திரும்பாது. ஆனால் பாடுகிறவர் நடுவுக்கு வருகிறார். வெளியிலிருந்து ஒருவர் அந்த நிலையில் கேட்டால் பெட்டி பழுதென்று சொல்லுவார். அவருக்கு அதுதான் சரியான பெட்டி.

சுவிற்சின் மேலும் கீழும் வெள்ளை மையால் எழுதியிருக்கிறார். மேலே "எல்லாருக்கும்." கீழே "எனக்கு." நான் போகிற நாட்களில் ஹெட்போனை என்னிடம் நீட்டுமுன் அதை மேலே தட்டிவிட்டுத்தான் தருவார்.